உருவப்படமும் உண்மையும்

1539ஆம் ஆண்டு ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த கிளீவ்ஸ் இளவரசி ஆனின் உருவப்படம் இன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மணப்பேச்சின்போது எட்டாம் ஹென்றிக்கென வரையப்பட்ட படம் அது. 1540 ஜனவரியில் இளவரசியை நேரிற்கண்ட மன்னர் வெறுப்புற்றார். ஜூலையில் திருமணம் செல்லாதென அறிவிக்கப்பட்டது.

ஓவியர் பொய்த்தார் என்பர் பலர். நாம் அதற்கு உடன்படோம். உருவம் தத்ரூபமாயுள்ளதென அரசத் தூதர் உவாட்டன் எழுதினார், ஓவியர் தண்டிக்கப்படவுமில்லை. ஆடையணிகள் நுணுக்கமாக விளங்க, முகமோ நேர்நோக்கில் மட்டும் அமைந்துள்ளது. அது பொய்யன்று; முழுமையுமன்று. எஞ்சியதை மன்னரின் ஆசையே நிரப்பிக்கொண்டது. இழிவைச் சுமந்தவரோ இளவரசி.

இன்று இணையத்தில் தம் படத்தை இடுவோர்க்கு ஓவியரும் தாமே. ஒளியையும் கோணத்தையும் தெரிந்தெடுப்பது வஞ்சனையாகாது; நேரிற் காண்பவர் அடையாளங்காணவியலாதபடி முகத்தை மாற்றுவதே வஞ்சனை. காண்போரும் படத்தை ஆளென்று கொள்ளாதிருத்தல் வேண்டும்.