ரொட்டியோடு வந்த மடல்

சிரியாவின் உள்நாட்டுப் போரில் அல்லலுற்ற வடபகுதிக் குடும்பங்களுக்கு, ரொட்டிப் பொட்டலங்களுடன் பிள்ளை வளர்ப்புப் பற்றிய துண்டுப் பிரசுரமொன்றும் வழங்கப்பட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் செய்த முயற்சி இது. அதுபற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. கருத்துக் கேட்கும் படிவத்துடன் 3000 பிரதிகள் சென்றன. ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது படிவங்கள் நிரப்பப்பெற்றுத் திரும்பின. போருக்கிடையிலும் பதிலெழுத முனைந்த பெற்றோரின் தாகத்தை என்னென்பது!

பிரசுரம் சொல்வன எளியவை: குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள், பாராட்டுங்கள், விளையாட விடுங்கள், இயன்றவரை அன்றாட ஒழுங்கைக் காத்திடுங்கள், உங்களையும் பேணிக்கொள்ளுங்கள். இறுதி அறிவுரையே தலையாயது என்போம். கலங்கி நிற்கும் தாயிடம் குழந்தை அமைதி பெறுவது எங்ஙனம்?

குறையும் உண்டு. எழுத்தறியாத் தாயிடம் தாள் பேசாது. கற்றவளின் ஐயத்திற்கும் அது மறுமொழி கூறாது. செர்பிய முகாம்களில் ஆப்கானிய அகதிகளுக்கென ஐ.நா. நிறுவனமொன்று பின்னர் நடத்திய 'உறுதியான குடும்பங்கள்' அமர்வுகளில், பெற்றோரும் பிள்ளைகளும் முதலில் தனித்தனியே, பின் ஒருசேர அமர்ந்தனர். நாம் வேண்டுவது இத்தகைய நேர்முகத் துணையையே.

பிள்ளை வளர்ப்பை அரபியர் 'தர்பியத்' என்பர். வளர்தலைக் குறிக்கும் வேரிற் பிறந்த சொல் அது. பசித்த வயிற்றுக்கு ரொட்டி ஈவோர், தளர்ந்த பெற்றோருக்குத் தோள் கொடுப்பதையும் அவ்வீகையின் பகுதியாகவே கொள்வாராக!