ஊழ்வினையும் உசாவா நீதியும்: கோவலன் கொலை பற்றி மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

சிலப்பதிகாரம் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் வழக்குரை காதையையே அக்காப்பியத்தின் உச்சமாகக் கொள்கின்றன. சிலம்பு உடைகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது, பாண்டியன் தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர் விடுகின்றான். நீதி நிலைபெற்றது என்ற மனநிறைவோடு நாமும் நூலை மூடிவிடுகின்றோம். கோவலன் ஏன் கொல்லப்பட்டான் என்ற வினாவுக்கோ ஊழ் என்ற ஒரு சொல்லே விடையாக அமைந்துவிடுகின்றது. இளங்கோவடிகள் அவ்விடையைத் தருகின்றார் என்பது உண்மையே. ஆயின், அவர் தரும் விடை அது ஒன்று மட்டுமன்று.

கொலைக்களக் காதையைச் சற்று ஊன்றி நோக்குவோம். அரசியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் அவசரத்தில் இருக்கும் மன்னனை வழியிலே பொற்கொல்லன் காண்கின்றான். அவன் சொல்லே வழக்கு, அதுவே சான்று, நின்ற நிலையிற் பிறந்த ஆணையே தீர்ப்பு. சான்று கூறியவனே உண்மைக் கள்வன் என்பதை நாம் அறிவோம், மன்னன் அறியான். காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்றே அவர்களுக்குத் தோன்றுகின்றது. பொற்கொல்லன் களவு நூலை விரித்துரைத்து அந்த ஐயத்தைக் கலைக்க முயல்கின்றான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மது மயக்கத்திலிருந்த ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். ஐயம் எழுந்தது; அதைக் கேட்பதற்கு மன்றம் இல்லை. ஊழை மட்டும் கூற விரும்பிய புலவர் காவலரின் தயக்கத்தை இத்துணை விரிவாகக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

மாத்தளை மாவட்டத்திற் தொடங்கிய 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் வரலாறு இப்பகுதிக்கு ஒரு சிறந்த உரையாக அமைகின்றது. புதிய வரிகளால் வெகுண்ட குடியானவர்கள் தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, ஜூலை 28 இல் மாத்தளையைத் தாக்கினர். மறுநாள் ஆளுநர் டொரிங்டன் பிரபு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8 இற் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி ஒடுங்கிய பின்னர், குடாபொல தேரர் என்னும் பௌத்த துறவி இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். இராசத்துரோக உறுதிமொழி செய்விக்க உடந்தையாயிருந்தார், தலைமறைவானவரின் இருப்பிடம் அறிந்தும் மறைத்தார் என்பன குற்றச்சாட்டுகள். அவர் குற்றமற்றவர் எனக் கருதிய வழக்கறிஞர்கள் தண்டனையை ஒத்திவைக்க வேண்டினர். அரச வழக்குரைஞர் செல்பி ஆளுநரிடமே சென்று முறையிட்டார். வழக்கறிஞர் அனைவரும் ஒருமித்து அவரைக் குற்றமற்றவர் என்றாலும் மறுநாட் காலை அவர் சுடப்படுவார் என ஆளுநர் மறுமொழி பகர்ந்ததாகச் செல்பி பின்னர்த் தெரிவித்தார். ஆகஸ்ட் 26 இல் தேரர் துவராடையுடனேயே சுடப்பட்டார்.

ஈண்டு ஒரு முரண் கருதத்தக்கது. முடிசூடிய பண்டா செப்டெம்பரிலேயே பிடிபட்டார். இராணுவ நீதிமன்றத்தின்முன் அன்றி, உயர் நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடு கடத்தலாகவும் மாற்றப்பட்டது. கிளர்ச்சியின் அரசராய் விளங்கியவர் உயிர் தப்ப, குற்றமே ஐயத்துக்கிடமான துறவி மாண்டார். இவ்வேறுபாட்டைக் குற்றத்தின் அளவு விளக்காது. விசாரணைக்குக் கிடைத்த காலமே விளக்கும். காவலரின் ஐயத்தைப் போலவே செல்பியின் ஐயமும் கேட்பாரற்றுப் போயிற்று.

இனிப் பாண்டியனை நோக்குவோம். அவன் பிழையை ஒப்பினான். அதற்குத் தன் உயிரையே விலையாகத் தந்தான். டொரிங்டனோ பிரித்தானிய நாடாளுமன்ற விசாரணையைத் தொடர்ந்து 1850 இற் பதவி இழந்தார்; சில ஆண்டுகளில் அரசியின் அரண்மனைப் பணியிலும் அமர்ந்தார். இவ்வொப்பீட்டிற் பாண்டியன் உயர்ந்து நிற்கின்றான் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த உயர்வில் மயங்கி நாம் ஒன்றை மறந்துவிடலாகாது. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என அறியும் சோதனைக்கு வேண்டிய யாவும் கோவலன் உயிரோடிருந்தபோதே மதுரையில் இருந்தன. உண்மை அறியமுடியாததாய் இருக்கவில்லை. அதனை அறியும் வரை எவரும் பொறுக்கவில்லை.

மட்டக்களப்புக் கோயில்களிற் கண்ணகியின் கதை ‘கண்ணகி வழக்குரை’ என்ற பெயராலேயே பாடப்படுகின்றது. கண்டியிலே அவள் பத்தினித் தெய்வமாக வழிபடப்படுகின்றாள். இருமொழி மக்களும் போற்றும் தெய்வம், தவறான தீர்ப்பை எதிர்த்து வழக்காடிய ஒரு பெண்ணே. அவளை வணங்கும் நாட்டில், பொலிஸ் உயரதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்புடைய சான்றாக்கி, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே ஏற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இற் பிறந்தது. ஊழ் என்று கூறி இதனைக் கடந்துசெல்ல இயலாது. கோவலன் கொலையையும் அவ்வாறு கடந்து செல்வது காப்பியத்துக்குச் செய்யும் நியாயமாகாது. கண்ணகி கேட்ட கேள்வியை அவள் வருமுன்னரே கேட்டிருக்க வேண்டிய இடம் அரசவை என்பதை உணர்த்தும் வாசிப்பே இன்று நமக்குத் தேவையானது.