மாநிறம் செய்த குற்றம் என்ன?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது கணியம்பாடி. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வெயிலில் வயல் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால், முதல் கேள்வி, ‘பொண்ணு என்ன கலரு?’ அம்மாக்காரி குரலைத் தாழ்த்துவார்: ‘மாநிறம்தாங்க...’

அந்த ‘தாங்க’வைக் கவனியுங்கள். கடனுக்கு வாய்தா கேட்கிற குரல் அது!

சங்கப் பாட்டுக் காலத்தில் இந்தக் கூச்சம் இல்லை. ‘மா’ என்றால் கருமை. முல்லை நிலத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் தெய்வம் மாயோன், கரியவன். தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிர் போன்ற நிறம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். தலைவன் பிரிந்தால் அவள் மேனி வெளிறிவிடும். அதற்குப் பெயர் பசலை. அதாவது, அன்றைக்கு நிறம் வெளுத்தால் நோய். இன்றைக்கு அதே வெளுப்புக்குக் காசு கொடுக்கிறோம்! போதாக்குறைக்கு, வெளுப்பைச் ‘சிவப்பு’ என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

1940-களில் பெரியார் தொண்டர்களைக் கறுப்புச் சட்டை போட வைத்தார். 1949-ல் பிறந்த தி.மு.க. கொடியிலும் கறுப்பு ஏறியது. மேடையில் ஜெயித்த கறுப்பு, தரகர் நோட்டில் மட்டும் டெபாசிட் இழந்தது.

நான் காமர்ஸ் படித்தவன். குறை இல்லாத இடத்தில் குறையைக் காட்டினால் சரக்கு விற்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. நிறம் கம்மியானவர்களை மட்டமாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் விதி போட்டது. 2020-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்த பிறகு, க்ரீம் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. ஷாதி டாட் காம் நிறம் பார்த்து வடிகட்டும் வசதியை எடுத்தது.

நல்லதுதான். ஆனால், எங்கேயோ ஒருவர் செத்துத்தான் டியூபின் மேல் ஒரு வார்த்தை மாற வேண்டியிருந்தது. டியூப் அப்படியேதான் விற்கிறது.

சரி, கம்பெனியை விடுங்கள். நம் வீட்டுக்கு வருவோம். பெண் தேடும்போது ‘நல்ல கலரா’ என்று கேட்கிறீர்களே, உங்கள் பையன் என்ன கலர் என்று என்றைக்காவது நீங்களாகச் சொன்னதுண்டா?