விசுவாசத்தின் விலையைச் செலுத்துபவர் யார்?

போதிய சான்றின்றி எதையும் நம்புவது ஒழுக்கக் குற்றமே என்று 1877-இல் கிளிஃபர்டு வாதிட்டார். பழுதான கப்பலைத் தகுதியானதென்று தன்னையே நம்பச்செய்து, பயணிகளைக் கடலுக்கு அனுப்பிய கப்பல் உரிமையாளனை அவர் எடுத்துக்காட்டினார். வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் ‘நம்புவதற்கான விருப்பம்’ என்னும் உரையில் இதற்கு மறுமொழி கூறினார். அறிவினால் தீர்க்க இயலாததும், தவிர்க்க முடியாததும், வாழ்வையே மாற்றுவதுமான ஒரு தெரிவில் இருதயம் முடிவெடுக்கலாம் என்பது அவர் துணிபு.

இத்துணிபில் உண்மை உண்டு. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1853-இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். வைணவ வேளாளராகிய அவருக்கு அம்முடிவு குலத்தையும் உறவையும் இழக்கச் செய்யவல்லது. முடிவெடாமல் காலங்கடத்துவதும் ஒரு முடிவே என்பதை அத்தகைய நிலையில் நின்றோர் அறிவர்.

எனினும் ஜேம்ஸின் வாதத்தில் ஒரு குறை காண்கிறோம். நம்புகிறவன் அடையும் ஆதாயத்தையும் இழப்பையும் அவர் எண்ணுகிறார். அந்த நம்பிக்கை தவறினால் பிறர் செலுத்தும் விலையை அவர் போதிய அளவு எண்ணவில்லை. கிளிஃபர்டின் கப்பலில் மூழ்கியவன் உரிமையாளன் அல்லன்.

இது ஏட்டுச் சிக்கல் அன்று. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற ஓரிடத்தில், காசநோயாளி ஒருவரின் படுக்கையருகே போதகர் ஜெபிக்கிறார் என்று கொள்வோம். சில வாரங்களில் காய்ச்சல் தணிகிறது. ஆண்டவரைத் துதிக்க இச்சான்று போதும். ‘சுகமாயிற்று, மருந்தை விட்டுவிடும்’ என்று சொல்ல இதே சான்று போதுமோ? போதாது. வழக்கமாக ஆறு மாதம் நீளும் சிகிச்சையை இடையில் நிறுத்தினால் நோய் மீளலாம். கிருமி மருந்துக்கு அடங்காததாகலாம். வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றலாம். சான்று மாறவில்லை, தவறினால் விளையும் கேடே மாறியது. ஆகவே அதை நம்பி நடக்கவும் போதிக்கவும் வேண்டிய தகுதியும் உயர்கிறது.

இது விசுவாசத்தைக் கணக்கு வழக்காக்கி விடாதோ என்று சிலர் வினவலாம். அப்படியன்று. பயன் பெரிதென்பதால் பொய் மெய்யாகாது. இழப்பு பெரிதென்பதால் மெய் பொய்யாகவும் மாட்டாது. ஆனால் எவ்வளவு சோதித்தபின் துணிந்து பேசலாம் என்பதை இழப்பின் அளவே உணர்த்துகிறது. எல்லாவற்றையும் சோதித்தறியுமாறு தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதும் விசுவாசக் குறைவினால் அன்று.

தன் உயிரைப் பணயம் வைத்து நம்புகிறவனை நாம் மதிக்கிறோம். அயலானின் உயிரைப் பணயம் வைக்குமுன், பிரசங்க பீடத்தில் ஏறும் நாம் ஒருமுறை அல்ல, பலமுறை தயங்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.