நீதிபதியின் இருக்கையில்

அண்மையில் பார்த்த திரைப்படங்களுக்கு ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டுப் பகிர்ந்துகொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 2012-இல் ஆஸ்கர் விருது பெற்ற, அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011) என்னும் ஈரானியப் படம் இவ்வழக்கத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது.

தொடக்கக் காட்சியில், மணவிலக்கு வழக்குக்காக வந்த நாதிரும் சிமீனும் நம்மை நோக்கியே வாதிடுகின்றனர். நீதிபதி திரையில் தோன்றுவதில்லை. அவரது இருக்கையில் நாம் அமர்த்தப்படுகிறோம்.

நாதிரின் முதிய தந்தையைப் பராமரிக்க வந்த ஏழைப் பெண் ரஸியா கருவுற்றிருக்கிறாள். நாதிர் தள்ளியதாலேயே கரு கலைந்தது என்பது வழக்கு. இழப்பீட்டுத் தொகை பேசி முடிக்கப்பட்டு, கடன்காரர்களும் வந்து காத்திருக்கும் வேளையில், திருக்குர்ஆன் மீது சத்தியம் செய்யுமாறு நாதிர் கேட்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். முதல் நாள் தன்மீது கார் மோதியதால் அவள் உள்ளத்தில் ஐயம் இருக்கிறது.

அவ்விபத்தை இயக்குநர் நமக்குக் காட்டாமல் தாண்டிச் செல்வதைத் திரைக்கதைத் தந்திரம் எனச் சிலர் குறைகூறலாம். காணாததன் மீதும் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தோம் என்பதை அது நமக்கு உணர்த்துவதால், நியாயமே என்போம்.

வறுமையிலும் ரஸியா விடாத அந்தப் பேணுதல் விமர்சகருக்கும் வேண்டும். இப்படத்திற்கு நாம் மதிப்பெண் இடவில்லை. பாருங்கள் என்று மட்டுமே பரிந்துரைக்கிறோம்.