விளக்குத்தூண், 1858

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாணம் நிச்சயமானால் ஜவுளி எடுக்க மதுரைக்கு பஸ் ஏறுவார்கள். விளக்குத்தூண் அருகே கால் வைக்க இடமிருக்காது. 1858-இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த படத்தில் அதே தூண் இருக்கிறது, அந்த நெரிசல் இல்லை. ஊர் காலியாகக் கிடந்தது என்று நம்பிவிடக் கூடாது. மெழுகுத்தாள் நெகட்டிவில் உருவம் பதிய நெடுநேரம் பிடிக்கும். அசையாமல் நின்றவர்தான் தேறுவார், நடந்தவர் கரைந்துபோவார். கூடைக்காரிக்கு நிற்க ஏது நேரம்?

தூணோ, கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கான நினைவுச்சின்னம். படத்தை அவருக்கான மரியாதையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. மண் சுமந்தவர்களுக்குத் தூண் கிடையாது. அந்த வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரிக்காவது அவர் பெயரில் ஒரு வீதி கிடைத்தது.