பந்தைப் பார்த்தால் பேஸ்பால் தெரியாது

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் சனிக்கிழமை தவறாமல் பிள்ளையின் லிட்டில் லீக் ஆட்டத்துக்குப் போகிறார்கள். மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்ததும் கைப்பேசிக்குள் தலையை நுழைத்துக்கொள்கிறார்கள். தன் பிள்ளை மட்டை பிடிக்கும் முறை வரும்போது மட்டும் தலை நிமிரும். கேட்டால், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது ஒட்டவில்லை என்று ஒரு சமாதானம். இதைவிட மோசமான சாக்கு கிடையாது. கிரிக்கெட் தெரிந்தவருக்குப் பாதி பேஸ்பால் ஏற்கெனவே தெரியும். ருசி இருப்பது மீதிப் பாதியில். அந்தப் பாதியைக் கற்றுக்கொள்ளப் பெரிய ஸ்டேடியத்தைவிடப் பிள்ளைகளின் மைதானமே நல்ல பள்ளிக்கூடம் என்பதுதான் என் கட்சி.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். அணிக்கு ஒன்பது பேர். பிட்சர் எறிவார், மட்டையாளர் அடிப்பார். பந்து எல்லைக்குள் தரையில் விழுந்தால் ஓடியே ஆகவேண்டும், கிரிக்கெட்டில் போலக் கட்டை போட்டுவிட்டு நிற்க முடியாது. மூன்று பேஸைத் தொட்டுக்கொண்டு ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட், நான்கு பால் என்றால் முதல் பேஸுக்குச் சும்மா நடக்கலாம். எது ஸ்ட்ரைக், எது பால் என்பதை நடுவர் சொல்வார், அதற்குத்தான் அவர் நிற்கிறார். மூன்று அவுட்டுக்குப் பிறகு அணிகள் இடம் மாறும். பெரியவர்களுக்கு 9 இன்னிங்ஸ், லிட்டில் லீகில் 6. போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கிரிக்கெட்டில் ரன் அவுட் ஒரே வகைதான்: ஆள் கோட்டைத் தாண்டுவதற்கு முன் பந்தால் ஸ்டம்பைச் சாய்த்துவிட்டால் தீர்ந்தது. ஓடுகிறவரைத் தொட வேண்டிய வேலையே இல்லை. பேஸ்பாலில் இது இரண்டாகப் பிரிகிறது. முதல் பேஸில் ஒருவர் நிற்கும்போது மட்டையாளர் தரையோடு அடித்துவிட்டு ஓடி வருகிறார் என்று வையுங்கள். ஒரு பேஸில் இருவர் இருக்க முடியாது, ஆகவே நிற்பவர் இரண்டாம் பேஸுக்கு ஓடியே தீரவேண்டும். இப்படி வேறு வழியில்லாமல் ஓடுகிறவரை வீழ்த்த, பந்தைக் கையில் வைத்திருக்கும் ஃபீல்டர் அந்த பேஸை மிதித்தாலே போதும். இது ஃபோர்ஸ் அவுட். பின்னாலிருந்து யாரும் தள்ளாதபோது, தானாக ஆசைப்பட்டு ஓடுகிறவரின் கதை வேறு. அவர் திரும்பிப் போகலாம், ஏமாற்றலாம், சறுக்கலாம். அவரைப் பந்து இருக்கும் கையுறையால் தொட்டுத்தான் ஆகவேண்டும். இது டேக்.

இந்தச் சின்ன வித்தியாசம் ஃபீல்டரின் உடம்பையே மாற்றிவிடுகிறது, அதைப் பாருங்கள். ஃபோர்ஸ் என்றால் அவர் ஒரு காலை பேஸின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, மறுகாலையும் கையையும் பந்து வரும் திசையில் எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுவார், ஓடிவருபவரைப் பார்க்கக்கூட மாட்டார். டேக் என்றால் நீட்டுவது முட்டாள்தனம். பேஸை ஒட்டி நின்று, பந்து தன்னிடம் வரும்வரை பொறுத்து, வாங்கிய வேகத்தில் கையுறையைத் தரைக்குக் கொண்டுபோவார், சறுக்கி வரும் கால் அங்கேதான் வரும். ஆட்டத்தின் நடுவிலேயே ஒன்று மற்றொன்றாக மாறுவதுதான் உச்சம். முதல் பேஸில் ஆள் இருக்க, பந்து முதல் பேஸ்மேனிடம் உருண்டு வருகிறது. அவர் முதலில் இரண்டாம் பேஸுக்கு எறிந்தால் அங்கே ஃபோர்ஸ். தன் பேஸை முதலில் மிதித்துவிட்டு எறிந்தால் மட்டையாளர் அவுட், பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லை, இரண்டாம் பேஸில் இப்போது தொட்டால்தான் உண்டு. அங்கே வந்து நிற்கும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஆடுபவர்) அரை நொடியில் இதைப் புரிந்துகொண்டு நிற்கும் விதத்தையே மாற்றவேண்டும். இன்னொன்று: மூன்றாவது அவுட் ஃபோர்ஸாக இருந்தால், அதே ஓட்டத்தில் ஹோம் பிளேட்டை அடைந்தவரின் ரன் செல்லாது. டேக்காக இருந்தால், தொடுவதற்கு முன் வந்து சேர்ந்த ரன் செல்லும். கையில் வந்த கேட்சை வேண்டுமென்றே கீழே போட்டு இரண்டு பேரை ஃபோர்ஸில் வீழ்த்தும் தந்திரத்தைத் தடுக்க 1890களிலேயே தனி விதி எழுத வேண்டியிருந்தது. இத்தனை நீளம் தேவையா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். தேவை. இந்த வித்தியாசம் பிடிபடாமல் பத்து வருடம் பேஸ்பால் பார்த்தவரும் ஸ்கோர் பலகையைத்தான் பார்த்திருக்கிறார்.

சான்று வேண்டுமா? சாம்பியன் பட்டத்துக்கான 2025 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், டொரொன்டோ. 9ஆவது இன்னிங்ஸில் 4-4, ஒரு அவுட், மூன்று பேஸிலும் டொரொன்டோ அணியான ப்ளூ ஜேஸின் ஆட்கள். தரையோடு வந்த பந்தைத் தடுமாறி எடுத்த டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோமுக்கு எறிந்தார். ஹோம் பிளேட்டைக் காக்கும் கேட்சர் வில் ஸ்மித் ஓடிவந்த கைனர்-ஃபலேஃபாவைத் தொடவில்லை, தொட அவசியமும் இல்லை. ஒரு கணம் மேலே எழும்பிய ஸ்மித்தின் கால் மறுபடி பிளேட்டில் பட்டதா என்பது மட்டுமே கேள்வி. பட்டது. டாட்ஜர்ஸ் 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று கோப்பையை வென்றார்கள். இதற்கு நேர்மாறு 2001 அக்டோபரில் ஓக்லண்டில் நடந்தது. யாங்கீஸ் 1-0 முன்னிலை. முதல் பேஸிலிருந்து கிளம்பிய ஓக்லண்டின் ஜெரமி ஜியாம்பி ஹோமை நோக்கி ஓடுகிறார். அவரைத் தள்ள யாரும் இல்லை, ஆக டேக். வலது மூலையிலிருந்து வந்த எறி, இடையில் நின்ற இருவரையும் தாண்டிப் போய்விட்டது. அங்கே யாரும் எதிர்பார்க்காத ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் குறுக்கே ஓடிவந்து பந்தை எடுத்துத் தட்டிவிட, கேட்சர் போசாடா ஜியாம்பியின் காலைத் தொட்டார். ஜியாம்பி சறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓக்லண்டுக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பந்தை மட்டும் பார்த்தவருக்கு ஜீட்டர் வானத்திலிருந்து குதித்தார்.

பிள்ளைகள் ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1939இல் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் லிட்டில் லீகைத் தொடங்கியபோது பேஸ்களின் இடைவெளியை 90 அடியிலிருந்து 60 அடியாகச் சுருக்கினார். சின்னக் கால்களுக்கும் சின்னக் கைகளுக்கும் போட்டி சமமாயிற்று. பெரியவர்கள் ஆடும்போது முதல் பேஸ்மேன் பந்தை எடுக்கப் போனால் பிட்சர் அந்த பேஸுக்கு ஓடுவது உங்கள் கண்ணில் படவே படாது, அத்தனை இயல்பாக நடந்துவிடும். 2024 வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில் யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல் ஓடாமல் நின்றுவிட்டபோதுதான் பலருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரிந்தது. 5-0 என்று முன்னிலையில் இருந்த யாங்கீஸ் அந்த இன்னிங்ஸிலேயே 5-5 ஆகி, கடைசியில் 7-6 என்று தோற்றார்கள். பத்து வயதுப் பிள்ளைகளிடம் எதுவும் இயல்பாக நடக்காது. பந்தும் கையில், பேஸும் காலடியில் இருக்க, ஒரு பையன் ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டு போவான். வேலிக்கு வெளியே அப்பாக்கள் "டேக் பண்ணு, டேக் பண்ணு" என்று கத்துவார்கள், அவர்களுக்கும் தெரியாது. எந்த வேலையை யார் செய்யவேண்டும் என்பது, செய்யப்படாதபோதுதான் பளிச்சென்று தெரிகிறது.

எட்டு வயதில் எறிகிற பந்தெல்லாம் பாலாகப் போய் எல்லோரும் நடந்துகொண்டே இருப்பார்கள், அதை எப்படிப் பார்ப்பது என்றால், நியாயம்தான், அது சலிப்பு. 11, 12 வயது ஆட்டத்துக்குப் போங்கள். அங்கே கையைக் காப்பாற்ற, ஒரு பிட்சருக்கு ஒரு நாளில் 85 பந்துதான் என்று விதி, 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. ஆகவே ஒரே சூரப்புலி எல்லாரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிக்கொண்டே போக முடியாது. இரண்டாம், மூன்றாம் பிட்சர் வருவார், பந்து மட்டையில் படும், ஆட்டம் பிழைக்கும். என் பிள்ளை அடிப்பதைப் பார்க்கத்தானே வந்தேன் என்கிறவர்களுக்கு நான் இரக்கம் காட்டுவதாக இல்லை. ஆறு இன்னிங்ஸில் ஒரு பிள்ளைக்கு மட்டை பிடிக்க இரண்டு மூன்று முறைதான் கிடைக்கும். வலது மூலையில் யாரும் பந்தே அடிக்காத இடத்தில் நிற்கும் உங்கள் மகள், முதல் பேஸுக்கு எறி போகும் ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் ஓடிவந்து நிற்கிறாளா? எறி தவறினால் காப்பாற்றப்போவது அவள்தான். இதற்குப் புள்ளிவிவரம் கிடையாது, பாராட்டும் கிடையாது. கத்துவதென்றால் இதற்குக் கத்துங்கள்.

ஹோம் ரன்தானே பேஸ்பாலின் அழகு என்று வாதிடுவார்கள். 2015இல் ஸ்டாட்காஸ்ட் வந்ததிலிருந்து பந்து மட்டையை விட்டு எத்தனை மைல் வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது என்று திரை முழுக்க எண்கள். வர்ணனையாளர்கள் சந்தை விலை படிப்பதுபோல அதைப் படிக்கிறார்கள். வேலிக்கு மேலே போய்விட்ட பந்து என்பது ஒன்பது ஃபீல்டர்களுக்கும் வேலை இல்லாமல் ஆக்கிவிட்ட பந்து. எறிந்தவரும் அடித்தவரும் மட்டும் ஆடிய ஆட்டம் அது. அதற்கு எழுந்து நின்று கைதட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்காகவே வருகிறவரைப் பேஸ்பால் ரசிகர் என்று என்னால் சொல்ல முடியாது.

எந்த அணிக்குக் கட்சி சேர்வது என்று கேட்டால், நமக்குள் இருக்கட்டும், போன வருடம் கோப்பை வாங்கிய அணியின் தொப்பியை வாங்காதீர்கள். ஊரில் இருக்கும் அணியையே பிடித்துக்கொள்ளுங்கள், தோற்றாலும் பரவாயில்லை. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், தோற்கும் அணிதான் தப்பு செய்து காட்டும், நீங்கள் கற்றுக்கொள்ள அது வசதி. டிவியில் பார்க்காதீர்கள், கேமரா பிட்சரின் முதுகைவிட்டு நகராது. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், மேல் மாடியில் மலிவான சீட் வாங்குங்கள், அங்கிருந்து ஒன்பது பேரும் ஒரே பார்வையில் கிடைப்பார்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பந்து அடிபட்டதும் "ஃபோர்ஸா, டேக்கா?" என்று கேளுங்கள். இரண்டு வருடம் லிட்டில் லீக் ஆடிய பிள்ளை உங்களுக்கு முன்னால் சொல்லிவிடும். ஹாட்டாக் வாங்க எழுந்து போகவேண்டும் என்றால், யாராவது ஹோம் ரன் அடித்துவிட்டு ஆற அமரச் சுற்றி வருவார், அப்போது போய்விட்டு வாருங்கள்.